மேற்கின் கண்ணில் இஸ்லாம் – 7: மறுப்பதற்காகப் பெயர்த்த வேதம்

க்ளூனி மடத்துக்குப் பணமுடை. பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் இருந்த அந்த மடம் லேசுப்பட்டதல்ல. 1088-இல் அங்கே எழத் தொடங்கிய ஆலயம், ரோமில் இன்றுள்ள புனித பேதுரு பேராலயம் கட்டப்படும்வரை கிறிஸ்தவ உலகிலேயே மிகப் பெரியது. அவ்வளவு கல்லுக்கும் கூலிக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும் பங்கு ஸ்பெயினிலிருந்து. லியோன், காஸ்டில் நாடுகளின் மன்னர் ஆறாம் அல்ஃபோன்ஸோ ஆண்டுதோறும் 2,000 பொற்காசு தருவதாக மடத்துக்கு வாக்களித்திருந்தார். அவருக்கே பொன் வந்த வழி இன்னும் சுவையானது: தெற்கே ஆண்டலூசியாவில் இருந்த குட்டி முஸ்லிம் அரசர்கள் அவருக்குக் கட்டிய கப்பம் அது. முஸ்லிம்களின் பொன்னில் ஒரு பகுதி பிரெஞ்சுத் துறவிகளின் கோபுரமாக உயர்ந்தது.

வட ஆப்பிரிக்காவிலிருந்து அல்மொராவிதுகள் வந்து அந்தக் குட்டி அரசுகளை விழுங்கியதும் கப்பம் நின்றது. காணிக்கை பாக்கி விழுந்தது. 1142-இல் க்ளூனியின் தலைவர் பீட்டர் மலை கடந்து ஸ்பெயினுக்குப் போனதற்கு, மன்னரின் பேரன் ஏழாம் அல்ஃபோன்ஸோவிடம் இந்தப் பாக்கியைப் பேசித் தீர்ப்பதும் ஒரு காரணம். 'வணக்கத்துக்குரிய பீட்டர்' என்று வரலாறு அழைக்கும் இவர் இளகிய மனதுக்காரர். சபையின் கண்டனத்துக்கு ஆளாகி, போக்கிடமின்றி நின்ற தத்துவ அறிஞர் அபெலாருக்குச் சற்று முன்புதான் அடைக்கலம் தந்திருந்தார்.

வசூல் அவர் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. ஆனால் திரும்பும்போது அவர் கையில் வேறொரு திட்டம் இருந்தது: குர்ஆன் முழுவதையும் லத்தீனில் பெயர்ப்பது.

சிலுவைப் படை ஜெருசலேமைப் பிடித்து அப்போது 40 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இத்தனை காலம் போரிட்டும், எதிரி எதை நம்புகிறான் என்று மேற்கு ஐரோப்பா விசாரித்துப் பார்க்கவில்லை. முன்பு இத்தொடரில் பார்த்த ரோலண்ட் காவியத்தில் முஸ்லிம்கள் மூன்று சிலைகளைக் கும்பிடுபவர்களாக வருகிறார்கள். சிலை வணக்கத்தை அடியோடு மறுத்த ஒரு மதத்தைப் பற்றி அன்றைய வீர காவியங்கள் கொண்டிருந்த அறிவு அவ்வளவுதான். பீட்டருக்கு இந்த அறியாமை உறுத்தியது. மறுக்க வேண்டுமானாலும் முதலில் படிக்க வேண்டுமே?

எப்ரோ ஆற்றங்கரையில் அவர் இருவரைக் கண்டுபிடித்தார். ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கெட்டன் ராபர்ட்; மற்றவர் கரிந்தியா ஹெர்மன். அரபு வானநூல்களைத் தேடி அங்கே வந்து தங்கியிருந்தவர்கள் இருவரும். மதச் சர்ச்சையில் அவர்களுக்கு நாட்டமில்லை. தாராளமாகக் கூலி பேசித்தான் பீட்டர் அவர்களை இந்த வேலைக்கு இழுத்தார். இவர்களோடு டொலேடோ நகரத்துப் பீட்டர், மடத்தலைவரின் செயலர், முகம்மது என்ற பெயருடைய ஒரு முஸ்லிம் ஆகியோரும் சேர்ந்தார்கள். இந்த முகம்மது யார், ஊர் எது என்று எதையும் யாரும் குறித்து வைக்கவில்லை.

1143-இல் பணி முடிந்தது. பெயர்ப்பின் தலைப்பிலேயே நபியைப் 'போலித் தீர்க்கதரிசி' என்று ஏசும் வசை இருந்தது. ராபர்ட் வரிக்கு வரி பெயர்க்கவில்லை. நீண்ட அத்தியாயங்களைத் துண்டாக்கினார். குர்ஆனின் 114 அத்தியாயங்கள் அவர் கையில் 120-ஐத் தாண்டின. வாக்கியங்களைப் பிரித்து, அடுக்கி, அன்றைய கனமான லத்தீன் நடையில் மாற்றி எழுதினார். பின்வந்தவர்கள் பலர் இதற்காக அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் தாமஸ் பர்மன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் மூலத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது வேறொரு செய்தி கிடைத்தது. பொருள் விளங்காத இடங்களில் ராபர்ட் முஸ்லிம்களே எழுதிய விரிவுரைகளைக் கேட்டோ படித்தோ, அந்த விளக்கத்தைத் தம் பெயர்ப்புக்குள் சேர்த்திருக்கிறார். ஒரு வசனத்தை முஸ்லிம்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள மெனக்கெட்டிருக்கிறார். ஏட்டின் ஓரங்களில் வேறொருவர் எழுதிய குறிப்புகளில் ஏச்சும் ஏளனமும் மண்டிக் கிடக்கின்றன. நடுவில் ஓடும் பெயர்ப்பு பெரும்பாலும் நிதானமாகவே இருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டு மனங்கள்.

மறுப்பு நூலை எழுதித் தருமாறு பீட்டர் முதலில் கேட்டது, அந்தக் காலத்தின் மிகப் பெரிய பேச்சாளரான க்ளேர்வோ பெர்னார்டிடம். பெர்னார்ட் எழுதவில்லை. 1146-இல் வெஸலே ஊரில் இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டி முழங்கியவர் அவர்தான். கடைசியில் பீட்டரே எழுத உட்கார்ந்தார். ஆயுதத்தோடு வரவில்லை, சொல்லோடு வருகிறேன் என்ற பொருளில், முஸ்லிம்களை நேரே விளித்துத் தொடங்குகிறார். இவர்களை வழிதவறிய கிறிஸ்தவர்கள் என்பதா, வேற்று மதத்தார் என்பதா என்று அவருக்கே முடிவு செய்ய முடியவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். முஸ்லிம்களை விளித்த அந்த நூல் லத்தீனில் இருந்தது. அரபு வாசகர் யாரையும் அது சென்றடைந்ததற்குத் தடயம் இல்லை.

ராபர்ட்டின் பெயர்ப்பு மட்டும் நகலுக்கு நகல் பெருகியது. இன்றும் 20-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் ஐரோப்பிய நூலகங்களில் உள்ளன. 1210 வாக்கில் டொலேடோவின் மார்க் என்ற பாதிரியார் மூலத்தை இன்னும் நெருங்கிய பெயர்ப்பு ஒன்றைச் செய்தார்; அது அவ்வளவாகப் பரவவில்லை. நானூறு ஆண்டுக் காலம் மேற்கு ஐரோப்பா குர்ஆன் என்று படித்தது பெரும்பாலும் அந்த வானநூல் மாணவரின் லத்தீனைத்தான்.

1453-இல் கான்ஸ்டான்டிநோபிள் ஒட்டோமானியரிடம் வீழ்ந்தபோது அதே நூல் மறுபடி மேசைக்கு வந்தது. ஜெர்மானியரான கூஸா நிக்கலாஸ் செய்தி கிடைத்த சில மாதங்களுக்குள் ஒரு நூல் எழுதினார்: பல சமயத்தாரும் வானுலகில் கூடி, சமயச் சண்டையை எப்படி ஓயவைக்கலாம் என்று பேசும் கற்பனை உரையாடல். அவருடைய நண்பர் செகோவியா ஹுவான் இன்னும் ஒரு படி மேலே போனார். போரால் யாரையும் மதம் மாற்ற முடியாது, இரு தரப்பு அறிஞர்களும் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு முதலில் நம்பத் தகுந்த குர்ஆன் பெயர்ப்பு வேண்டும். ராபர்ட்டின் பெயர்ப்பு போதாது என்று கருதினார்.

அதற்காக அவர் செய்த காரியம் அக்காலத்துக்கு அபூர்வமானது. செகோவியாவின் முஸ்லிம் மார்க்க அறிஞர் ஈசாவை, ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவாயில் தாம் ஓய்வாகத் தங்கியிருந்த ஐத்தோன் மடத்துக்கே வரவழைத்தார். 1455 குளிர்காலம். ஈசா அங்கே சுமார் நான்கு மாதம் தங்கி, அரபு மூலத்தை எழுதி, அதை காஸ்டிலிய மொழியில் பெயர்த்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். லத்தீன் வடிவத்தை ஹுவான் செய்தார். மூன்று மொழிகள் அருகருகே நின்ற அந்த நூல் கிடைத்திருந்தால் இந்தத் தொடரின் போக்கே மாறியிருக்கும். முன்னுரையும் சில துணுக்குகளும் தவிர மற்றதெல்லாம் தொலைந்துபோயின. ஹுவான் 1458-இல் இறந்தார். அவர் கனவு கண்ட மாநாடு நடக்கவேயில்லை.

பிறகு துருக்கியர் டான்யூப் வழியாக மேலே ஏறினார்கள். 1526-இல் மொஹாச் போரில் ஹங்கேரி மன்னர் மாண்டார். 1529-இல் வியன்னா முற்றுகை. 1541-இல் புடா நகரம் சுல்தான் சுலைமானின் கைக்குப் போனது. ஜெர்மானியத் தேவாலயங்களில் துருக்கி அபாயம் நீங்க மணியடித்து ஜெபித்த காலம் இது. அதே ஜெர்மனியில்தான் மார்ட்டின் லூத்தர் ரோமாபுரியோடு மல்லுக்கு நின்றார்.

லூத்தருக்கு துருக்கியரைப் பற்றி நல்ல எண்ணம் கிடையாது. துருக்கியரையும் போப்பையும் கடைசிக் காலத்தின் இரட்டைப் பகைவர்களாகவே கண்டார். ஆனாலும் 1530-இல் அவர் ஒரு பழைய நூலைத் தம் முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். டிரான்சில்வேனியாவில் 1438-இல் சிறுவனாகப் பிடிபட்டு, இருபது ஆண்டுகள் துருக்கியரிடம் அடிமையாக இருந்து மீண்ட ஹங்கேரி ஜார்ஜ் எழுதியது அது. துருக்கியரின் அடக்கம், எளிமை, தொழுகையில் காட்டும் ஒழுங்கு எல்லாவற்றையும் கண்டு அவர் எழுதியிருந்தார். லூத்தர் இதை ஏன் மறுபடி அச்சிட வேண்டும்? வெளி ஆசாரத்தில் துருக்கியர் நம் துறவிகளையெல்லாம் தோற்கடிக்கிறார்கள், அப்படியிருக்க ஆசாரத்தால் மோட்சம் கிடைக்கும் என்று ரோம் சொல்வது எப்படிச் சரியாகும் என்று கேட்பதற்காக. அடி போப்புக்கு, கோல் துருக்கியருடையது. ஆனால் அடிக்கும் அவசரத்தில் முஸ்லிம்களின் ஒழுக்கத்துக்கு ஒரு நற்சான்றும் சேர்ந்து அச்சேறிவிட்டது.

1542 பிப்ரவரியில், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள், லத்தீன் குர்ஆன் படி ஒன்று முதன்முறையாக லூத்தரின் கைக்குக் கிடைத்தது. பாக்தாதில் வாழ்ந்து திரும்பிய ஃப்ளாரன்ஸ் நகரத் துறவி ரிக்கோல்தோ எழுதிய மறுப்பு நூலை அவர் அதற்கு முன்பே படித்திருந்தார். இத்தாலியர்களின் கட்டுக்கதை என்று தள்ளியும் வைத்திருந்தார். குர்ஆனைப் பார்த்தபின் ரிக்கோல்தோ சொன்னது சரிதான் என்று முடிவு கட்டி, அந்த நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

அதே ஆண்டுதான் பாசல் நகரத்து அச்சுக்கூடம் ஒன்றில் இரகசிய வேலை நடந்துகொண்டிருந்தது. அச்சுக்காரர் யோஹானஸ் ஒப்போரினஸ், ஓவியர் ஒருவரின் மகன். மருத்துவர் பாராசெல்சஸிடம் உதவியாளராக இருந்து அவதிப்பட்டவர், கிரேக்கம் கற்பித்தவர், கடைசியில் அச்சுத் தொழிலில் இறங்கியவர். சூரிக் நகரில் சீர்திருத்தத் தலைவர் ஸ்விங்லி வகித்த பேராசிரியர் பதவியில் இருந்த தியோடர் பிப்லியாண்டர், ராபர்ட்டின் பழைய பெயர்ப்பைப் பல படிகளோடு ஒப்பிட்டுத் திருத்திக் கொடுத்திருந்தார். அரபு மூலப்படி ஒன்றும் பாசலின் டொமினிக்கன் மடத்திலிருந்து அவருக்குக் கிடைத்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் பாசலில் நடந்த திருச்சபைப் பேரவைக்கு வந்த ஒருவர் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போனது அது.

நகர மன்றத்திடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று ஒப்போரினஸுக்குத் தெரியும். விஷயம் கசிந்தது. மன்றம் அச்சிட்ட தாள்களைக் கைப்பற்றியது. ஒப்போரினஸைச் சிறையில் போட்டது. கிறிஸ்தவ நகரம் ஒன்றில் இத்தகைய நூல் அச்சாவதா என்று ஒரு கட்சி. அச்சிட்டால்தான் மறுக்க முடியும் என்று இன்னொரு கட்சி. அறிஞர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டார்கள். கருத்து சொன்னவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். பாசலின் போதகர்களுக்குள்ளேயே பிளவு.

அப்போதுதான் லூத்தரின் கடிதம் வந்தது. 1542 அக்டோபர் 27 தேதியிட்டது. துருக்கியருக்குத் தீங்கு செய்ய வேண்டுமானால் அவர்களுடைய வேதத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதைவிடச் சிறந்த வழி இல்லை, எந்த ஆயுதமும் இவ்வளவு காயப்படுத்தாது என்பது அவர் வாதம். படித்தாலே வெறுப்பு வரும் என்று அவர் முழுமையாக நம்பினார். இந்த நம்பிக்கை இல்லாமல் போயிருந்தால் அந்தத் தாள்கள் பாசலில் எரிந்திருக்கலாம். ஐரோப்பாவின் முதல் அச்சு லத்தீன் குர்ஆனைக் காப்பாற்றியது நட்பு அல்ல, பகை.

மன்றம் இறங்கிவந்தது. ஆனால் நிபந்தனைகள் போட்டது: நூலில் பாசலின் பெயர் வரக் கூடாது, அச்சுக்காரரின் பெயர் வரக் கூடாது, ஊருக்குள் விற்கவும் கூடாது. 1543 ஜனவரியில் நூல் வெளிவந்தது. மூன்று பாகம். முதல் பாகத்தில் குர்ஆனும், க்ளூனி பீட்டர் அதோடு சேர்த்துத் தொகுத்திருந்த மற்ற நூல்களும். இரண்டாம் பாகத்தில் மறுப்புகள். மூன்றாவதில் துருக்கியர் வரலாறு. லூத்தர், அவருடைய தோழர் மெலங்க்தன் ஆகியோரின் முன்னுரைகள், கூடவே இதை ஏன் அச்சிட நேர்ந்தது என்று பிப்லியாண்டரின் நீண்ட சமாதானம். உண்மையில், வேதத்தைச் சுற்றிக் காவலர்களை நிறுத்தியே அதை வெளியே விட்டார்கள். இத்தனை கெடுபிடிக்கும் பிறகு 1550-இல் மறுபதிப்பு வந்தது என்றால் வாங்கினவர்கள் இருந்தார்கள் என்று பொருள். சிறையிலிருந்து வந்த ஒப்போரினஸ் அதே 1543-இல் வெஸாலியஸின் உடற்கூறு நூலையும் வெளியிட்டார். மருத்துவ வரலாறு அவரைக் கொண்டாடுவது அதற்காக.

லத்தீன் படித்தவர்களோடு விஷயம் நிற்கவில்லை. 1547-இல் வெனிஸில் அரிவாபேனே என்ற பதிப்பாளர் இத்தாலியக் குர்ஆனை வெளியிட்டார். நேரடியாக அரபியிலிருந்து செய்தது என்று அட்டையில் போட்டார். பார்த்தால் பாசல் லத்தீனின் பெயர்ப்பு. விளம்பரப் பொய் பதிப்புத் தொழிலோடு பிறந்தது. இந்த இத்தாலியப் பெயர்ப்பை ஷ்வைகர் என்பவர் 1616-இல் ஜெர்மன் ஆக்கினார். அந்த ஜெர்மனிலிருந்து 1641-இல் டச்சு வந்தது. டச்சுக்காரர் கையில் இருந்தது அரபியிலிருந்து நான்கு மொழி தள்ளிய குர்ஆன்.

இதற்கிடையில் கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் துருக்கியர் என்று ஏசுவது வழக்கமாகிவிட்டது. 1574-இல் லைடன் நகரை ஸ்பானியர் முற்றுகையிலிருந்து மீட்கப் போன டச்சுக் கடற்படையினர், போப்பின் ஆட்களைவிடத் துருக்கியர் தேவலாம் என்ற பொருளில் பிறை பொறித்த வெள்ளிப் பதக்கங்களை அணிந்திருந்தார்கள். புராட்டஸ்டண்டுத் தலைவர் கால்வினும் துருக்கியரும் ஒன்றே என்று ஆங்கிலக் கத்தோலிக்கர் ஒருவர் எழுதிய நூல் 1597-இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டில் ஆங்கிலப் புராட்டஸ்டண்டு ஒருவர் போப்பும் துருக்கியரும் ஒன்றே என்று பதில் நூல் போட்டார். இஸ்லாமைப் பற்றி இந்த நூல்களில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. அண்ணன் தம்பி வழக்கில் மூன்றாமவன் பெயர் இழுபட்ட கதைதான்.

1649 ஜனவரி 30 அன்று லண்டனில் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. ஏழு வாரம் ஆவதற்குள் நாடாளுமன்றத்தின் முன் வந்த புகார்களில் ஒன்று, யாரோ குர்ஆனை ஆங்கிலத்தில் அச்சிடுகிறார்கள் என்பது. எகிப்தில் பிரெஞ்சுத் தூதரகப் பொறுப்பில் இருந்த ஆந்த்ரே து ரியே, 1647-இல் அரபியிலிருந்து நேராகப் பிரெஞ்சில் செய்த பெயர்ப்பு அதற்கு மூலம். பாசலில் நடந்தது லண்டனிலும் நடந்தது: தாள்கள் பறிமுதல், அச்சுக்காரர் சிறையில், விசாரணை, பிறகு விடுதலை. சில வாரங்களில் நூல் கடைக்கு வந்துவிட்டது. வாசகரை எச்சரிக்கும் உரை ஒன்றை அலெக்சாண்டர் ராஸ் என்ற பாதிரியார் எழுதிச் சேர்த்திருந்தார். ராஸ் மன்னர் பக்கத்து ஆள். இத்தனை உட்பிரிவுகளும் புரட்டுகளும் பெருகிவிட்ட இந்த நாட்டில் இது ஒன்று கூடுதலாக வந்து என்ன கெடுதி செய்துவிடப் போகிறது என்ற தொனி அந்த நூலின் முன்பக்கங்களில் கேட்கிறது. நூற்றாறு ஆண்டு முன் பாசலில் எச்சரிக்கை துருக்கியருக்கு எதிராக இருந்தது. லண்டனில் பாதி எச்சரிக்கை சொந்த ஊர்க்காரர்களைக் குத்தியது.

1683-இல் வியன்னாவின் இரண்டாம் முற்றுகை தோற்றது. 1686-இல் புடா திரும்பக் கைக்கு வந்தது. 1699-இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையில் ஒட்டோமானியர் ஹங்கேரியின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தனர். இந்தத் தேதிகளை நூல்களின் தேதிகளோடு வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். புடா விழுந்த மறு ஆண்டு பாசலில் அவசர அவசரமாகக் குர்ஆன் அச்சேறியது. புடா மீண்டு, பயம் விலகிய பிறகு வந்த பெயர்ப்புகளில் நிதானம் கூடியிருக்கிறது. மேற்கின் மனம் மாறியதற்கு அறிவு வளர்ச்சி மட்டும் காரணம் என்று எழுதுபவர்கள் டான்யூப் கரையின் பீரங்கிகளை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் உழைப்பையும் மறக்கக் கூடாது. போப் பதினோராம் இன்னசெண்டின் பாவமன்னிப்புக் குருவாக இருந்த லூதோவிக்கோ மராச்சி, சுமார் 40 ஆண்டு குர்ஆனோடு மல்லாடினார். 1698-இல் படுவா நகரில் அவர் வெளியிட்ட பதிப்பில் அரபு மூலம் முழுவதும் இருந்தது. லத்தீன் பெயர்ப்பு இருந்தது. பைளாவி, ஸமக்ஷரி முதலிய முஸ்லிம் உரையாசிரியர்களின் கருத்துகள் பெயர் சொல்லி எடுத்தாளப்பட்டிருந்தன. பெயர்ப்பின் கூடவே மறுப்பும் வரிசையாக இருந்தது. மராச்சி மனதளவில் பீட்டரின் வாரிசுதான். இஸ்லாமைப் பொய் என்று நிறுவுவதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டார். அந்த வைராக்கியத்தில், மூலத்தில் உள்ளது உள்ளபடி வர வேண்டும் என்றும் பாடுபட்டார்.

அந்தப் பாட்டின் பலன் வேறொருவருக்குப் போனது. ஜார்ஜ் ஸேல் லண்டன் வழக்கறிஞர். அரபு நாடு எதையும் பார்த்ததில்லை. 1734-இல் அவர் வெளியிட்ட ஆங்கிலக் குர்ஆன் மராச்சியிடம் பட்ட கடன் பெரிது. ஆனால் மராச்சியின் மறுப்புகளை ஸேல் விட்டுவிட்டார். அவற்றின் இடத்தில் அரேபியாவின் வரலாறு, இஸ்லாமின் கொள்கை, சட்டம், உட்பிரிவுகள் பற்றி ஒரு நூல் அளவுக்கு நீளும் அறிமுகம் இருந்தது. ஸேலும் தம்மைக் கிறிஸ்தவர் என்றே அறிவித்துக்கொண்டார். குர்ஆனை வெற்றிகரமாக எதிர்க்கப் புராட்டஸ்டண்டுகளால் மட்டுமே முடியும் என்று பெருமையும் அடித்தார். ஆனாலும் முகம்மது நபியைப் பண்டைய சட்டம் வகுத்த தலைவர்களின் வரிசையில் வைத்துப் பேசினார். ஆபாச வசைகளைச் சேர்க்க மறுத்தார். சக கிறிஸ்தவர்கள் சிலர் அவரையே சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

ஸேல் 1736-இல், நாற்பது வயது நிறையுமுன் இறந்தார். அவருடைய பெயர்ப்பு ஏறக்குறைய இரு நூற்றாண்டு ஆங்கிலத்தில் கோலோச்சியது. 1765-இல் வர்ஜீனியாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஜெஃபர்சன் அதில் ஒரு பிரதி வாங்கினார். 2007-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினர் கீத் எலிசன் அந்தப் பிரதியின் மேல் கைவைத்துத்தான் சம்பிரதாய உறுதிமொழி எடுத்தார்.

பிரான்சில் ஸேலை ஆர்வத்தோடு படித்து மெச்சியவர்களில் முக்கியமானவர் வோல்த்தேர். ஸேல் 25 ஆண்டு அரேபியர் நடுவே வாழ்ந்தவர் என்று கூடப் பின்னாளில் எழுதிவைத்தார். அது அவராகக் கட்டியது. அதே வோல்த்தேர் 1741-இல் லில் நகரில் முகம்மது நபியைப் படுமோசமாகச் சித்தரிக்கும் நாடகம் ஒன்றை மேடையேற்றினார். சில ஆண்டுகளில் அதைப் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்டுக்கே சமர்ப்பணமும் செய்தார். குத்தியது யாரை என்று பாரிஸின் பாதிரிமார்களுக்குப் புரிந்ததால் வந்த ரகளையை அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)